நைனாவின் வலது கை

1

என் தம்பி ஜீவேந்திரன் செஞ்சியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எங்கள் நைனா நடத்திய மல்லாட்டை மண்டியை இப்போது நடத்துகிறவன் அவன்தான். கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதி முழுக்க வேலை.

‘அண்ணா, வர்ற மாசியோட நைனா போயி முப்பது வருசம் ஆவுது. அவர் பேர்ல கட்ன ஹால் முடிஞ்சிட்டுது, பெயின்ட் மட்டும்தான் பாக்கி இருக்குது. முன்சுவத்துல மாட்ட நீ போட்ட அந்தப் படம் வேணும். கடைசி நாள் கையத் தூக்கி ஆசி குடுப்பாரே, அது. கீழ இன்னா எழுதணும்னு நானே யோசிச்சி வெச்சிட்டேன். “தண்ணீரையும் துறந்து நமக்கெல்லாம் ஆசி வழங்குகிறார்.” நல்லா இருக்குதா? ஹால் திறப்புக்கு ஒரு மலர் போடறோம். நீ நாலு பக்கம் எழுதி அனுப்பு. ஓவியக் காலேஜ்ல படிச்சது, லண்டன் வாழ்க்கை, நைனா எல்லாத்தையும் கலந்து எழுது. நம்ம பசங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்.’

நான்கு பக்கத்தில் இது முடியாது. ஊக்கம் துளிகூடக் கிடைக்காது. மலர் போடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா உயிரோடு இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி என்னைத் தடுக்க என் கோழைத்தனம் ஒன்றுதான் மிச்சம். அதோடு சண்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

நான் இருப்பது லண்டன் இல்லை. லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் நாலு மணி நேரம் போனால் வருகிற பழைய மில் ஊர். ஜீவாவுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். எத்தனை தடவை சொன்னாலும் உறையின் மேல் லண்டன் என்று எழுதுவான். தபால்காரருக்குப் பழகிவிட்டது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருக்கிறேன். காலையில் ஏழரைக்குப் பஸ். மழை என்று சொல்ல முடியாத ஒரு ஈரம் எப்போதும் முகத்தில் ஒட்டும். பிள்ளைகள் என்னை ‘மிஸ்டர் ஆதிராஜன்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆதிராஜன் என்பது என் நைனாவின் பெயர். நான் தரணேந்திரன். அறுபத்தேழில் வந்து இறங்கியபோது படிவம் நிரப்பிய அம்மையார், “உங்கள் குடும்பப் பெயர் என்ன?” என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை, முன்னால் இருக்கும் எழுத்து தகப்பன் பெயர் என்று விளக்கினேன். “அப்படியானால் அதுதான்” என்று எழுதிக்கொண்டார். திருத்தக் கேட்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். முதல் அலுவலகம் இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது திரும்ப முதலாவதைக் காட்டியது. விட்டுவிட்டேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், வகுப்பில், எங்கே போனாலும் நைனாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மனைவி ஹெலன் இந்த ஊர்க்காரி. ஒரே மகள் பத்மா, பதினெட்டு வயது. தமிழில் அவளுக்குத் தெரிந்தது எண்ணிப் பத்துப் பதினைந்து வார்த்தை. அதில் பாதி சாப்பாடு. குற்றம் அவளுடையது இல்லை. நான் பேசியிருந்தால்தானே அவளுக்கு வரும்?

சாப்பாடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் தமிழ்ச் சமணர்கள், ஊரில் நயினார் வீடு என்பார்கள். எங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கினால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். அப்புறம் விடியும்வரை தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. இந்த ஊரில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் காணாமல் போய்விடும். கல்லூரி விடுவது ஐந்துக்கு. வந்த முதல் குளிர்காலத்தில் பத்து நாள் பட்டினியாகவே படுத்துத் தாக்குப்பிடித்தேன். பதினோராம் நாள் இருட்டிய பிறகு ரொட்டி தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த வழக்கம் என்னை விட்டுப் போயிற்று. பத்மாவுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது.

பத்மா இந்த வருடம் இங்கேயே ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். நுண்கலைப் பட்டப்படிப்புக்கு நேராகப் போக முடியாது. முதலில் ஒரு வருடம் ஃபவுண்டேஷன், அதாவது அடிப்படை ஆண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவேண்டும். போன மாதம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் பழசாக இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பத்துத் தாள் வரைய வேண்டும். அவள் மாடி அறையில் என் பழைய படங்கள் இருந்த பெரிய உறையைக் குடைந்து நைனாவின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“டாட், இந்தக் கை என்ன செய்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஆசீர்வாதம்” என்றேன்.

முப்பது வருடமாகச் சொல்லிவரும் பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

3

நானும் அந்த அடிப்படை ஆண்டைப் படித்தவன்தான், சென்னையில் அதை ஆயத்த ஆண்டு என்பார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதலாவது சென்னையில், அறுபத்து நாலில் சேர்ந்தேன்.

சேரப் போகிறேன் என்று சொன்னபோது நைனா மண்டியில் கோணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “படம் போடறதுக்கு ஒரு காலேஜா? சரி, இருக்கட்டும். அதுக்கும் முன்னாடி ரெடி ஆவுறதுக்குன்னு ஒரு வருசமா? இன்னாடா இது, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருசம் தாலி கட்டிப் பழகற மாதிரி?”

மண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்து, அங்கிருந்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த ஒரு வருடத்தில் பானை, துணி மடிப்பு, செத்த இலை, மண்டையோடு, எழுத்து வடிவம், களிமண் என்று எல்லாவற்றையும் செய்ய வைத்தார்கள். வருடக் கடைசியில் ஒவ்வொருவனுடைய தாள்களையும் தரையில் பரப்பிப் பார்த்து, யார் ஓவியத்துக்கு, யார் சிற்பத்துக்கு, யார் விளம்பரக் கலைக்கு என்று பிரிப்பார்கள். ஓவியத்தில் இடம் குறைவு. எனக்கு ஓவியம்தான் வேண்டும். ஆனால் என் தாள்கள் சுமார்தான் என்பது எனக்கே தெரியும்.

எங்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர் கண்டிப்பானவர். அவருக்கு ஒரு விதி உண்டு. வரைய உட்கார்ந்ததும் முக்காலியின் மூன்று காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். முக்காலி அந்த வட்டத்தைவிட்டு நகரக் கூடாது. தாள் முடியும்வரை நாமும் எழுந்திருக்கக் கூடாது. “எழுந்தா கோணம் போச்சு. வெளிச்சம் மாறினா தாளே போச்சு. வெளிச்சம் இருக்கிறப்பவே முடி” என்பார். ஒருத்தன் மயக்கம் வந்து விழுந்தபோதுகூட நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவர்தான் போய்த் தண்ணீர் தெளித்தார். அன்று எங்களைப் பாராட்டவும் செய்தார்.

அறுபத்தைந்து தை மாதம் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்து கல்லூரிகளை மூடினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்ன அன்றே எங்களுக்கு ஓர் உத்தரவு. திரும்பி வரும்போது ஒவ்வொருவனும் நூறு தாள் கொண்டுவர வேண்டும். எல்லாம் உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும்.

4

நான் ஊருக்கு வந்தபோது நைனாவுக்குத் தொண்டையில் கட்டி முற்றியிருந்தது. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று மூட்டையை ஒரே மூச்சில் அடுக்கிய மனிதர் பாயில் ஒரு ஓரமாகக் கிடந்தார்.

ஒரு வாரம் கழித்து அவரே அம்மாவிடம் சொன்னார். குரல் போய் வெறும் காற்றாக வந்தது. “போதும். நியமம் எடுத்துக்கறேன்.”

மலரைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு, சமணர்கள் சிலர் உணவைப் படிப்படியாக விட்டு, மனதை அடக்கி, சாவை அமைதியாக எதிர்கொள்வார்கள். இதற்குச் சல்லேகனை என்று பெயர். மேல்சித்தாமூரிலிருந்து எங்கள் கோயில் உபாத்தியாயர் வந்தார். நைனாவிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நைனா தலையசைத்தார். முதலில் சோறு போயிற்று. பிறகு மோர், அதற்குப் பிறகு கஞ்சித்தண்ணீர். கடைசியில் நின்றது ஒன்றே ஒன்று. நாளைக்கு ஒரு தடவை, சூரியன் இறங்குவதற்கு முன், துணியில் வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பாத்திரத்தில் குடிக்க மாட்டார். வலது கையைக் குழித்து நீட்டுவார். அம்மா உள்ளங்கையில் ஊற்றுவாள். அதை வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சுவார். பாதி வழிந்துவிடும்.

உபாத்தியாயர் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். “கேட்டார்னா குடுக்கணும்மா. அது அவருக்கு உரிமை. தண்ணி வேணாம்னு அவரா சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது.”

நான் நூறு தாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஊரில் யாரும் எனக்காக அசையாமல் உட்காரமாட்டேன் என்கிறார்கள். டீக்கடையில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “இது நானா? எங்க மாமனாரா?” என்று கேட்டார். நைனா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஒருநாள் விரலால் என்னைக் கூப்பிட்டார்.

“என்னைப் போடேன். நூறு போடணும் இல்ல? நான் எங்க எழுந்து போவப் போறேன்?”

அதற்குப் பிறகு தினமும் அவரைத்தான் வரைந்தேன். பாயிலிருந்து நான்கு முழம் தள்ளி முக்காலியைப் போட்டு, சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டேன். அம்மா முகத்தைச் சுளித்தாள். நைனா கண்ணாலேயே அவளை அடக்கினார். நான் பென்சிலை எடுத்தால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து “ஆச்சா?” என்பார். “ஆச்சு நைனா” என்றால்தான் அசைவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆளுக்கு மகனுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்ததே.

விலா எலும்பு, கன்னக் குழி, கழுத்து நரம்பு எல்லாம் நாளுக்கு நாள் மேலே வந்தன. என் கோடும் நாளுக்கு நாள் தேறியது. எனக்கே தெரிந்தது. ராத்திரி தாள்களைப் புரட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெருமைப்பட்டது உண்மை.

5

மாசியில் அந்த நாள். மத்தியானம் அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து உட்கார்ந்தாள். நைனா கையை நீட்டவில்லை. “அப்புறம்” என்று உதட்டை அசைத்தார். தூங்கிவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஜீவா மண்டியிலிருந்து வருவதற்குள் சாப்பாட்டைத் தயாராக வைக்க வேண்டும் என்று அம்மா எழுந்தாள். கதவருகே நின்று என்னிடம் சொன்னாள்.

“இன்னிக்கு இன்னும் தண்ணி குடிக்கல. கேட்டார்னா கூப்டு. வெளிச்சம் போறதுக்குள்ள குடுத்துடணும்.”

“ம்” என்றேன்.

மேற்கு ஜன்னல் வழியாக ராஜகிரிக்கு மேலிருந்த சூரியன் நேராகப் பாயின் மேல் விழுந்தது. பத்து நாளாக அப்படி ஒரு வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை. நைனாவின் முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு முழங்கையைப் பாயில் ஊன்றி வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை குழிந்திருந்தது. மணிக்கட்டு வாய்ப்பக்கம் மடங்கியிருந்தது.

தினமும் பார்த்த கை. அது என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று என்னிடமே சொல்லிப் பார்க்க முப்பது வருடம் முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. பாதியில் இருந்த தாளை உருவிவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்தேன்.

அந்தக் கையில் வெளிச்சம் விழுந்த விதம் அப்படி. விரல்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிந்தது. ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் எலும்பு. வருடம் முழுக்க அந்த வாத்தியார் எதைப் பார் பார் என்று கத்தினாரோ, அது என் கண் முன்னால் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டால் வருவாள், குறுக்கே உட்காருவாள், கை இறங்கிவிடும். ஐந்து நிமிஷம், முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

கை நடுங்கியது. கொஞ்சம் இறங்கியது. திரும்பவும் தூக்கினார்.

“ஆச்சா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம், நைனா.”

அவர் கையை அப்படியே வைத்துக்கொண்டார். தண்ணீருக்காக வைத்திருந்தாரா, நான் வரைந்து முடிக்கட்டும் என்று வைத்திருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. எத்தனை நேரம் என்றும் தெரியாது. கட்டை விரலின் கீழ் மேட்டுக்கு நான் நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது அறை சட்டென்று மங்கியது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது. நைனாவின் கை பாயில் விழுந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்தாள். “கேட்டாரா?”

என் மடியில் தாள் இருந்தது. வாயைத் திறந்தேன்.

“கேக்கலம்மா.”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். “போச்சு, இறங்கிட்டுதே” என்றாள். செம்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

நைனா விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். என்னையே பார்த்தார். தலையசைத்திருக்கலாம், கையை இன்னொரு தடவை தூக்கியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது.

6

உபாத்தியாயர் வந்ததும் அம்மா அழுதுகொண்டே சொன்ன முதல் வார்த்தை, “கேக்கவே இல்ல சாமி. நாள் முழுக்கத் தண்ணியத் தொடல.”

அவர் கைகூப்பினார். அனந்தபுரம், அவலூர்பேட்டை, மேல்சித்தாமூர் என்று சொந்தக்காரர்கள் இருந்த ஊரெல்லாம் அது பரவியது. ஆதிராஜ நயினார் கடைசி நாளில் யாரும் சொல்லாமல் தானாகவே தண்ணீரையும் விட்டார் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அம்மாவுக்கு மிஞ்சியது அந்த ஒரு பெருமைதான். அதை எப்படிப் பிடுங்குவேன்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். தாளை அம்மா கண்ணில் படாமல் வைத்துக்கொண்டேன், பார்த்துவிட்ட ஜீவாவிடம் நைனா ஆசி கொடுக்கிறார் என்று சொன்னேன். தரையில் சாக்பீஸ் வட்டம் பத்து நாளைக்கு அப்படியே இருந்தது. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

கல்லூரி திறந்ததும் எல்லாருடைய தாளையும் தரையில் பரப்பினார்கள். என்னுடையது நூறில் அறுபதுகூடத் தேறவில்லை. வாத்தியார் அந்தக் கையைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். “இது போதும்” என்றார். எனக்கு ஓவியத்தில் இடம் கிடைத்தது.

இரண்டு வருடம் அங்கே படித்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மா யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னையும் சாட்சிக்கு அழைப்பாள். “இவன்தான் கூடவே இருந்தான். கேட்டுப் பாருங்க.” நான் தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே வலித்துவிட்டது. அதனால்தான் இங்கிலாந்துக்கு விண்ணப்பம் போட்டேன். மேல்படிப்பு ஆசை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அந்தக் கதை காதில் விழாத இடம் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

இந்த ஊர்க் கல்லூரியில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, சென்னையில் படித்த ஆயத்த ஆண்டு இங்கே செல்லாது, முதலிலிருந்து இன்னொரு வருடம் படிக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் சேர்க்க முடியுமா என்று பார்க்க என் தாள்களைக் கேட்டார்கள். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அந்தக் கைப் படத்தை எடுத்து மேஜை மேல் நிமிர்த்தி வைத்தார்கள். “கொடுக்கும் கை” என்றார் ஒருவர். “இந்தியர்கள் கொடுப்பதில்தான் எத்தனை அழகு!” என்றார் இன்னொருவர். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சென்னையிலும் சரி, இங்கேயும் சரி, எனக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரே தாள்.

இரண்டாம் தடவை அடிப்படை ஆண்டு படிப்பதில் சில வேடிக்கைகளும் உண்டு. உடையில்லாத ஆளை வைத்து வரையச் சொன்ன முதல் நாள், நான் வெட்கப்பட்டு ஓடுவேன் என்று வகுப்பே காத்திருந்தது. பிறந்ததிலிருந்து உடையில்லாத தீர்த்தங்கரரைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு அதில் என்ன வெட்கம்? பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏமாந்துபோனார்கள். ஆனால் கேன்வாஸுக்குப் பூச முயல் தோலைக் காய்ச்சிப் பசை எடுக்கச் சொன்னபோது வாந்தி வந்தது. எறும்பை மிதித்தாலே நின்று வருத்தப்பட்டவர் பிள்ளை. இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டுப் பசையையும் காய்ச்சினேன். பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டவனுக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றியது.

அந்த வருடத்தில் ஒரு வகுப்பை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. தூரம் எப்படிக் காட்டுவது என்பதற்கான பாடம். வாத்தியார் பலகையில் நேராக ஒரு கோடு போட்டார். இதுதான் தொடுவானம், உங்கள் கண் மட்டத்தில் இருக்கும் என்றார். பிறகு அதன் மேல் ஒரு மலையை வரைந்தார். மலைக்குப் பின்னால் ஒரு சூரியன். “பார்க்கிறவனுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. ஆனால் தொடுவானத்தைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்” என்று சொல்லிச் சாக்பீஸால் அந்த இடைவெளியைக் கோடு போட்டுக் காட்டினார்.

நான் முக்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அன்று ராஜகிரிக்குப் பின்னால் போன சூரியன் இறங்கியிருக்கவில்லை. இன்னும் கால் மணி நேரமாவது இருந்திருக்கும். எங்கள் வீட்டு வழக்கத்துக்குத்தான் மலை கணக்கு. ‘கேட்டார்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அம்மா மலையையும் பார்த்திருக்க மாட்டாள், பஞ்சாங்கத்தையும் பார்த்திருக்க மாட்டாள். ஓடிப்போய்ச் செம்பை எடுத்து வந்திருப்பாள். கை கேட்டும் வரைந்துகொண்டே இருந்தது முதல் பாவம். பொய் அதைவிடப் பெரிது என்று அன்றுதான் உறைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். ஊர் ஞாபகம் என்று நினைத்து யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. பத்மா கூடத்தில் அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். ஜீவாவின் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அவர்கள் கல்லூரியில் இப்போது வேறு விதி. ஓர் உடம்பை வரைவதற்கு முன்னால் அந்த உடம்பு இருக்கிற மாதிரி நீயே இருந்து பார்க்க வேண்டுமாம். பத்மா கம்பளத்தில் படுத்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து முழங்கையை ஊன்றினாள். கையைத் தூக்கினாள். விரலைக் குழித்தாள். மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்தாள்.

நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கும் நெற்றியும் நைனாவுடையது. அது எனக்கு முன்பே தெரியும். கையும் அவருடையதுதான் என்று அன்றுதான் பார்த்தேன்.

“டாட், இது ஆசீர்வாதம் இல்லை” என்றாள்.

என் கை சட்டைப் பையிலிருந்த கடிதத்துக்குப் போயிற்று.

“ஆசீர்வாதம் என்றால் உள்ளங்கை வெளியே பார்க்கும். இது உள்ளே பார்க்கிறது. இப்படி வைத்தால் கை தானாக வாய்க்குத்தான் வருகிறது. பாருங்கள்.” கையை வாய்க்குக் கொண்டுபோனாள். திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். “இவர் எதையோ குடிக்கக் கேட்கிறார்.”

“ஆமாம்” என்றேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக. “தண்ணீர்.”

கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினாள். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. “ரொம்ப வலிக்கிறது. எவ்வளவு நேரம் இப்படி வைத்திருந்தார்?”

“நான் வரைந்து முடிக்கிறவரை.”

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மாறியது.

“அப்புறம் கொடுத்தீர்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். நியமம், மலை, செம்பு, அம்மா, நான் சொன்ன ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி எப்போது தமிழுக்குப் போனேன் என்று தெரியவில்லை. அவளுக்குப் பாதி விளங்கியிருக்காது. ஆனால் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அதற்காக அவளுக்கு நன்றி. எல்லாம் முடிந்ததும் படத்தை எடுத்து, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து நின்றாள். எனக்குக் கொண்டுவரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜீவா, படத்தை நன்றாகச் சுற்றித் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது நைனாவுடையது, ஊரில் இருப்பதுதான் முறை. நீ எழுதி வைத்திருக்கிற வாசகத்தைப் போடாதே. நைனா தண்ணீரைத் துறக்கவில்லை. துறந்ததாகச் சொல்லித்தான் அவருக்குப் பெருமை சேர வேண்டும் என்றும் இல்லை. அவர் தன் நியமத்தில் ஒன்றும் குறை வைக்கவில்லை. குறை என்னிடம்தான் இருந்தது. இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். உனக்கும் அவர் நைனாதான். அன்று நீ மண்டியிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருப்பாய்.

கட்டாயம் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் இதைப் போடு. “ஆதிராஜ நயினார் தண்ணீர் கேட்கிறார். எதிரில் இருந்த மகன் படம் போட்டுக்கொண்டிருந்தான்.”